இருட்டில் நிற்பவர் யார்?
வீட்டுக் காவலுக்கு டார்ச் விளக்கு வாங்குவோர்க்குச் சில மருத்துவக் குறிப்புகள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவரை அவருடைய மகன் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். முதியவரின் வலது முன்கை வீங்கியிருந்தது. "ராத்திரி கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்துட்டாருங்க டாக்டர்" என்றார் மகன்.

எக்ஸ்-ரே வேறொன்றைச் சொன்னது. கையை ஊன்றி விழுவோருக்குப் பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டியே எலும்பு முறியும். இவருக்கோ சுண்டுவிரல் பக்கமாக ஓடும் எலும்பு மட்டும், அதன் நடுத்தண்டில், குறுக்காக முறிந்திருந்தது. ஓங்கி வரும் அடியிலிருந்து தலையைக் காக்கக் கையை உயர்த்துவோரிடம் காணப்படும் முறிவு இது. மருத்துவ நூல்கள் இதற்கு இரவுக் காவலர் ஏந்தும் தடியின் பெயரையே சூட்டியிருக்கின்றன. மகனைத் தனியே அழைத்துக் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு நடந்ததைச் சொன்னார்.

அவர்கள் தெருவில் அந்த மாதம் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்திருந்தது. அன்றிரவு மின்சாரமும் இல்லை. கொல்லைக் கதவருகே யாரோ தாழ்ப்பாளைத் திறக்கும் ஓசை கேட்டுக் கண்விழித்தவர், டார்ச் விளக்கைத் தேடினார். அது எங்கே இருக்கிறதென்று நினைவுக்கு வரவில்லை. கைபேசி கூடத்தில் இருந்தது. கையில் கிடைத்தது ஒரு தடி. குனிந்து நின்ற உருவத்தை நோக்கி ஓங்கினார். அலறிய குரலைக் கேட்ட பிறகே அது தந்தை என்று தெரிந்தது. மூன்று ஆண்டுகளாக மறதி நோயால் பாதிக்கப்பட்டிருந்த அந்தப் பெரியவர், எப்போதோ விற்றுவிட்ட பசுமாட்டுக்குத் தண்ணீர் வைக்க எழுந்திருக்கிறார்.

கட்டுப் போட்டு முடித்ததும் மகன் எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த டார்ச் வாங்கறது நல்லதுங்க?" எங்களிடம் ஆயத்தமான விடை இல்லை. அந்தப் பெரியவர் மூன்று ஆண்டுகளாக எங்கள் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தவர். இரத்த அழுத்தம், உறக்கம், பசி என எல்லாவற்றையும் விசாரித்த நாங்கள், இரவில் அவர் எழுந்து நடக்கிறாரா, அந்த வீட்டில் அப்போது வெளிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறையும் கேட்டதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யும் முயற்சியே இக்கட்டுரை. குடும்பத்தாரின் இசைவுடன், அடையாளங்களை மாற்றி இந்நிகழ்ச்சியை இங்கே எழுதுகிறோம்.

எதிலிருந்து காவல்?

வீட்டுக் காவல் என்றவுடன் நம் மனத்தில் திருடனின் உருவம் எழுகிறது. மருத்துவமனையில் இருந்து பார்க்கும் எங்களுக்கு வேறு மூன்று எதிரிகளும் தெரிகிறார்கள். முதலாவது, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து இடறி விழுதல். நீரிழிவு, புராஸ்டேட் வீக்கம், சிறுநீர் பெருக்கும் மாத்திரை ஆகியவற்றால் பலர் ஓரிரவில் பலமுறை எழுகிறார்கள். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் பழைய நடைக்குத் திரும்புவது பலருக்கு இயலாமலே போகிறது.

இரண்டாவது, பாம்பு. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே இவற்றில் மிகப் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம். அந்தி சாய்ந்த பின் வரப்பிலும் வாசலிலும் கண்ணாடி விரியனை மிதித்துவிடுவோர் உண்டு. கட்டுவிரியனோ இரவில் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும். அக்கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவாக இருப்பதால், எறும்பு கடித்ததாக எண்ணி மீண்டும் உறங்கிவிடுவார்கள். விடியலில் வயிற்றுவலியும், இமைகள் தாழ்தலும், பேச்சுக் குழறலும் தோன்றும்போதுதான் உண்மை தெரியும். பாயை விரிக்கும் முன் மூலைகளிலும், எழுந்து கால் வைக்கும் முன் தரையிலும் ஒளியைச் செலுத்திப் பார்ப்பது எளிய காவல். கொசுவலையை நன்கு செருகிக்கொண்டு படுப்பது அதற்குத் துணை.

மூன்றாவது எதிரி, மேலே சொன்ன நிகழ்ச்சியில் கண்டது: ஆளை அறியாமல் ஓங்கும் நம் சொந்தக் கை. இந்த நான்குக்கும் சேர்த்து ஒரு விளக்கைத் தேர்ந்தெடுப்பதே நம் நோக்கம்.

இருட்டும் கண்ணும்

நம் விழித்திரையில் இருவகை உயிரணுக்கள் உள்ளன. கூம்பு அணுக்கள் வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுகின்றன. குச்சி அணுக்கள் மங்கிய ஒளியில் வேலை செய்கின்றன. வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்குச் சென்றால், குச்சி அணுக்கள் தங்கள் முழுத் திறனை அடைய ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். இருட்டில் உறங்கி எழுந்தவரின் கண் இந்தத் தயார்நிலையில்தான் இருக்கிறது. அவர் கண்ணெதிரே உள்ள வெள்ளைச் சுவரில் கடுமையான ஒளியைப் பாய்ச்சினால் அந்தத் திறன் நொடியில் அழிந்துபோகும். ஒளிவட்டத்துக்கு வெளியே உள்ளது எதுவும் அதன்பின் தெரியாது.

முதுமை இதை மேலும் கடினமாக்குகிறது. வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளிக்கிறது. இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகிறது. ஆகவே முதியவருக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை. ஆனால் கண்புரை உள்ளவரின் விழிவில்லை ஒளியைச் சிதறடிப்பதால், கூசும் வெளிச்சம் அவரைக் குருடாக்கிவிடும். முதியவருக்கு உகந்தது பரவலான, மிதமான, தரையை நோக்கிய ஒளி. கடையில் நூறடி தூரத்துக்குப் பாயும் மெல்லிய ஒளிக்கற்றையைப் பார்த்து வியந்து வாங்கும் விளக்கு, வீட்டுக்குள் பயன்படுவதில்லை.

அட்டையில் உள்ள எண்கள்

டார்ச் விளக்கின் அட்டையில் மூன்று எண்களைக் காணலாம். லூமன் என்பது விளக்கில் இருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. படுக்கையில் இருந்து கழிப்பறைக்குச் செல்ல 10 முதல் 20 லூமன் போதும். கொல்லையையும் தெருவாசலையும் பார்க்க 200 முதல் 300 லூமன் போதும். ஆயிரக்கணக்கான லூமன் என்று விளம்பரம் செய்யப்படும் விளக்குகள் சிறிய அறையில் ஏந்தியவரின் கண்ணையே கூசச் செய்யும். பல, சில நிமிடங்களில் சூடேறித் தாமே மங்கிவிடும்.

இரண்டாவது, ஒளி எட்டும் தூரம். பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு தரமுறையின்படி, இத்தூரம் என்பது ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடம். அதாவது முழுநிலவு நாளின் வெளிச்சம் அளவுக்கு. 100 மீட்டர் என்று போட்டிருந்தால், 100 மீட்டர் தொலைவில் ஆளின் முகம் தெரியும் என்று பொருளில்லை.

மூன்றாவது, எரியும் நேரம். அதே தரமுறையில், ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரத்தையே கணக்கிடுகிறார்கள். "8 மணி நேரம்" என்பது எட்டு மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்பதன்று.

நீர் புகாமைக்கும் ஒரு குறியீடு உண்டு. ஐ.பி.எக்ஸ். 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும். மழைக்கு முதலாவது போதும். வெள்ளம் புகும் பகுதியில் வாழ்வோர் இரண்டாவதைத் தேடலாம்.

மின்கலம்

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைக் கடந்தபோதும் மின்சாரம் திரும்பப் பல இடங்களில் பல நாட்கள் ஆயின. சுவரில் செருகி மின்னேற்றும் விளக்கு மட்டுமே உள்ள வீடு அத்தகைய நாட்களில் இரண்டாம் இரவே இருட்டாகிவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண பென்சில் செல்களால் எரியும் விளக்கு ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும். செல்களை விளக்குக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் அவை கசிந்து உள்ளே உள்ள கம்பிகளை அரித்துவிடும். அந்தக் கசிவு தோலையும் கண்ணையும் எரிக்கக் கூடியது. வெறுங்கையால் துடைக்க வேண்டாம்.

மின்னேற்றும் விளக்குகளில் ஈய அமில மின்கலம் கொண்டவை உண்டு. இவை முழுவதும் தீர்ந்த நிலையில் பல வாரங்கள் கிடந்தால் மீண்டும் உயிர்பெறா. மாதம் ஒருமுறையாவது மின்னேற்ற வேண்டும். லித்தியம் அயான் மின்கலம் கொண்டவை இலேசானவை, நீடித்து எரிபவை. ஆனால் அவற்றுக்கு உரிய சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். தலையணைக்கு அடியிலோ மெத்தை மீதோ மின்னேற்றக் கூடாது. உப்பிய மின்கலத்தை அன்றே அகற்றிவிட வேண்டும்.

பொத்தானும் பிடியும்

வாங்கும் முன், யார் பயன்படுத்தப் போகிறாரோ அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். மூட்டுவாதத்தால் விரல்கள் வீங்கியவர், பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர், நடுக்குவாதம் உள்ளவர் ஆகியோரால் விளக்கின் அடியில் உள்ள சிறிய இறுக்கமான பொத்தானை அழுத்த முடியாமல் போகலாம். பக்கவாட்டில் பெரிதாக அமைந்த பொத்தான் அவர்களுக்கு ஏற்றது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் அதை எரியவைக்க முடிகிறதா என்று சோதியுங்கள். கைத்தடி ஊன்றுவோரும் நடைச்சட்டம் பிடித்து நடப்போரும் கழுத்தில் தொங்கும் விளக்கையோ தலையில் அணியும் விளக்கையோ வாங்கினால் இரு கைகளும் விடுபடும்.

முதல் அழுத்தத்திலேயே மெல்லிய ஒளி எரிந்து, அடுத்த அழுத்தத்தில் கூடும் விளக்கே நல்லது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வகையில் எரியும் விளக்கைப் பதற்றத்தில் கையாள முடியாது.

எங்கே வைப்பது?

நாங்கள் சொல்லும் குறிப்புகளில் மிக முக்கியமானது இதுதான். அந்த வீட்டிலும் டார்ச் விளக்கு இருந்தது. அலமாரிக்குள் இருந்தது. படுத்தபடியே கை நீட்டினால் தொடும் இடத்தில், கட்டில் காலிலோ சுவர் ஆணியிலோ கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். இருட்டில் ஒளிரும் ஒட்டுத்தாள் ஒன்றை அதன்மேல் ஒட்டலாம். நோயாளிக்கு ஒன்று, உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கு ஒன்று என இரண்டு தேவை. கைபேசி விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். 112 எண்ணிலோ 108 எண்ணிலோ அழைக்க வேண்டிய வேளையில் கைபேசி காதருகே இருக்க வேண்டும்; அதன் மின்கலத்தில் உயிரும் இருக்க வேண்டும்.

எழுந்தவுடன் நடக்கவும் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்போருக்குச் சட்டென்று நின்றால் அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும். விளக்கை ஏற்றி, ஒரு நிமிடம் கட்டிலோரம் அமர்ந்து, தரையைப் பார்த்து, பிறகு எழுங்கள்.

குரல், ஒளி, கை

இரவில் ஓசை கேட்டால் செய்ய வேண்டியவற்றை நாங்கள் மூன்று சொற்களில் சொல்லிக் கொடுக்கிறோம். முதலில் குரல், அடுத்து ஒளி, கடைசியில் கை.

குரல் என்பது, இருந்த இடத்திலிருந்தே வீட்டில் உள்ளவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது. "அப்பாவா? தம்பி, நீயா?" என்ற ஒரு கேள்வி பல விபத்துகளைத் தடுக்கும். திருட வந்தவனுக்கும் வீட்டார் விழித்துவிட்டார்கள் என்று அது தெரிவித்துவிடும். பெரும்பாலும் அவன் விரும்புவது ஓடிவிடத்தான். அவன் ஓடும் வழியை மறிக்க வேண்டாம்.

ஒளி என்பது, யார் என்று அறிவதற்கு. வீட்டாராக இருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் ஒளியை முகத்தில் பாய்ச்சாமல் கூரையை நோக்கிக் காட்டுங்கள். ஒளி தெறித்து அறை முழுவதும் பரவும், யாரென்று தெரிந்துவிடும். மறதி நோயாளியின் முகத்தில் கடும் ஒளியைப் பாய்ச்சினால் அவர் மருண்டு தாக்கவோ ஓடவோ முயல்வார். அவருக்கு முன்னே தரையில் ஒளியைக் காட்டி, மெதுவாகப் பேசி அழைத்து வாருங்கள். "மாடு எப்போதோ போய்விட்டதே" என்று வாதிட வேண்டாம். "விடிந்ததும் தண்ணீர் வைக்கலாம்" என்றால் அவர் அமைதியடையக்கூடும்.

அந்நியன் என்று உறுதியானால், குடும்பத்தாருடன் ஓர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டு 112 எண்ணை அழையுங்கள். முகத்தில் பாயும் கடும் ஒளி எதிரிலிருப்பவரைச் சில நொடிகள் தடுமாறச் செய்யும் என்பது உண்மை. அந்த நொடிகள் நீங்கள் விலகிச் செல்வதற்கு உரியவை. கை ஓங்குவது, தப்ப வேறு வழியே இல்லாதபோது மட்டும். விளிம்பில் பற்கள் போன்ற உலோக முனைகள் உள்ள விளக்குகளும், மின்னதிர்ச்சி தரும் விளக்குகளும் தற்காப்புக்கென்று விற்கப்படுகின்றன. நோயாளி உள்ள வீட்டுக்கு அவை ஏற்றவை அல்ல. இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உண்ணும் முதியவரின் தலையில் தவறிப் படும் ஓர் அடி, மூளைக்கு மேலே இரத்தக் கசிவை உண்டாக்கப் போதுமானது.

விளக்கே தீங்காகும் இடங்கள்

சிறு சாவிக்கொத்து விளக்குகளில் பொத்தான் வடிவ மின்கலங்கள் உள்ளன. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகக் கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில், மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்ட விளக்கையே வாங்குங்கள்.

விட்டுவிட்டு மின்னும் ஒளி, வலிப்பு நோயாளிகளில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு வலிப்பைத் தூண்டக் கூடும். அத்தகையோர் உள்ள வீட்டில் மின்னும் வசதி இல்லாத விளக்கே நல்லது. லேசர் கற்றை சேர்ந்த விளக்குகளை வாங்கவே வேண்டாம். அது விழித்திரையை நிலையாகச் சிதைத்துவிடலாம்.

காவல் இருந்தும் பாம்பு கடித்துவிட்டால், கட்டுப் போடுதல், கீறுதல், உறிஞ்சுதல் எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஊர்தியிலோ கிடைத்த வாகனத்திலோ விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். பாம்பைத் தேடி விளக்குடன் அலைவது காலத்தை வீணாக்குவதாகும். அடுத்தவரும் கடிபட நேரலாம்.

மீண்டும் அந்தக் குடும்பம்

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்க முதியவரும் மகனும் வந்தார்கள். எலும்பு சேர்ந்திருந்தது. தம்மை அடித்தது யாரென்பது பெரியவரின் நினைவில் இல்லை. மகனுக்கு அது மறக்கவில்லை. கொல்லைக் கதவில் சிறு மணி கட்டியிருப்பதாகவும், நடைபாதையில் ஆள் அசைந்தால் தானே எரியும் சிறு விளக்கு பொருத்தியிருப்பதாகவும் சொன்னார். இருவர் கட்டிலிலும் ஒவ்வொரு டார்ச் விளக்கு தொங்குகிறது. முந்தைய வாரம் பெரியவர் மீண்டும் எழுந்திருக்கிறார். மணியோசை கேட்ட மகன் "அப்பா" என்று அழைத்துவிட்டு, தரையில் ஒளியைக் காட்டியபடி அருகே சென்றிருக்கிறார். இருவரும் சற்று நேரம் கொல்லைப்படியில் அமர்ந்திருந்துவிட்டு உறங்கச் சென்றார்களாம்.

இன்றிரவு படுக்கும் முன், விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, படுத்த நிலையில் கையை நீட்டிப் பாருங்கள். டார்ச் விளக்கு கையில் படவில்லை என்றால், புதியது வாங்குவதற்கு முன், இருப்பதை எடுத்து அங்கே தொங்கவிடுங்கள். அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இனி அதை நாங்களும் கேட்போம்.